மூன்று வால்வுகளின் குரல்

நுழையும்முன்

உள்ளங்கையில் அடங்கும் கைப்பேசி உலகின் எந்த மூலையுடனும் பேச வைக்கிறது. ஆனால், அதன் சில்லுக்குள் நிகழ்வது எதுவும் கண்ணுக்குப் புலப்படுவதில்லை. அலையை உண்டாக்கும் உறுப்பு எது, பெருக்கும் உறுப்பு எது என்று விரல்வைத்துக் காட்ட இயலாது. வால்வு வானொலியின் நிலை வேறு. அதில் ஒவ்வோர் உறுப்பும் தனித்தனியே நின்று தன் பணியைச் செய்கிறது. கம்பிச்சுருளைக் கையாலேயே சுற்றலாம். வால்வு செந்நிறமாக ஒளிர்வதைக் காணலாம். விலைகொடுத்து வாங்கிய கருவி பயன்தரும். தானே உருவாக்கிய கருவி அறிவையும் தரும். மூன்றே வால்வுகளைக்கொண்டு வீட்டிலேயே உருவாக்கத்தக்க குறைந்த ஆற்றல் வானொலி ஒன்றின் வரலாற்றையும் அமைப்பையும் இப்பாடம் விளக்குகிறது.

ஆர்வலர்களின் அறிவியல்

'அமெச்சூர்' என்னும் சொல், அன்பு கொண்டவர் எனப் பொருள்படும் இலத்தீன் வேரிலிருந்து பிறந்தது. ஊதியம் கருதாது, வானொலி அறிவியல்மீது கொண்ட விருப்பத்தால் அதில் ஈடுபடுவோர் அமெச்சூர் வானொலியாளர் எனப்படுகின்றனர். 'ஹாம்' என்னும் பெயரும் இவர்களுக்கு உண்டு. உரிமம் பெற்று, தமக்கென ஒதுக்கப்பட்ட அதிர்வெண்களில் ஒருவரோடொருவர் தொடர்புகொள்வதும் புதிய கருவிகளைச் செய்து பார்ப்பதும் இவர்களின் பணிகளாகும். வணிக நோக்கத்திற்கு இதில் இடமில்லை.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், அலைநீளம் மிகுந்த அலைகளே நெடுந்தொலைவு செல்லும் என்று அறிஞர்கள் கருதினர். எனவே, 1912ஆம் ஆண்டு அமெரிக்கச் சட்டம் 200 மீட்டரும் அதற்குக் குறைவுமான அலைநீளங்களை அமெச்சூர் வானொலியாளர்களுக்கு விட்டுக்கொடுத்தது. பயனற்றவை எனக் கருதப்பட்டவையே அவர்கள் பங்கிற்கு வந்தன. அவர்கள் அவற்றை ஏற்றுக்கொண்டு, வீட்டு அறைகளில் செய்த கருவிகளால் ஆராயத் தொடங்கினர். 1923 நவம்பரில் பிரான்சிலிருந்த இலேயோன் தெலுவா, அமெரிக்காவிலிருந்த பிரெட் சினெல்லுடன் அட்லாண்டிக் பெருங்கடலைக் கடந்து தொடர்புகொண்டார். அவர்கள் பயன்படுத்திய அலையின் நீளம் ஏறத்தாழ 110 மீட்டர்.

அடுத்த ஆண்டே அதனினும் வியப்பான நிகழ்வு ஒன்று நடந்தது. 1924 அக்டோபர் 18 அன்று, நியூசிலாந்தின் ஷாக் பள்ளத்தாக்கில் ஆட்டுப்பண்ணை ஒன்றில் வாழ்ந்த பிராங்க் பெல், இலண்டனின் மில் ஹில் பள்ளி வானொலி நிலையத்துடன் இருவழித் தொடர்பு கொண்டார். உலகின் ஒரு பக்கத்திலிருந்து அதன் நேரெதிர்ப் பக்கத்திற்கு, ஏறத்தாழ 18,000 கிலோமீட்டருக்கும் அப்பால் செய்தி சென்று, மறுமொழியும் வந்தது. இலண்டனில் சாவியை இயக்கியவர் செசில் கோய்டர் என்னும் 18 வயதுப் பள்ளி மாணவர்.

இந்த மாணவரின் வாழ்க்கை பின்னாளில் இந்தியாவுடன் இணைந்தது. 1936ஆம் ஆண்டு அவர் அகில இந்திய வானொலியின் தலைமைப் பொறியாளராகப் பொறுப்பேற்றார். சென்னை நிலையம் 1938இலும் திருச்சிராப்பள்ளி நிலையம் 1939இலும் தொடங்கப்பட்டபோது அப்பொறுப்பில் இருந்தவர் அவரே. பள்ளிப் பருவத்து ஆர்வம் ஒரு நாட்டின் ஒலிபரப்புக் கட்டமைப்பையே உருவாக்கும் திறனாக வளர்ந்தமைக்கு அவர் சான்றாவார்.

வால்வின் இயக்கம்

இச்சாதனைகளுக்கு அடிப்படையாக அமைந்தது வெற்றிடக் குழல். மின்னோட்டத்தை ஒரு திசையில் மட்டும் செல்லவிடுவதால் அதற்கு வால்வு, அதாவது தடுக்கிதழ், என்னும் பெயர் வந்தது. காற்று நீக்கப்பட்ட கண்ணாடிக் குமிழுக்குள் மின்னிழை ஒன்று எதிர்மின்வாயைச் சூடேற்றுகிறது. சூடான எதிர்மின்வாயிலிருந்து எலக்ட்ரான்கள் வெளிப்படுகின்றன. எதிரே உள்ள நேர்மின்வாய்க்கு உயர்ந்த நேர்மின்னழுத்தம் கொடுக்கப்படும்போது, அவ்வெலக்ட்ரான்கள் அதனை நோக்கி விரைகின்றன. 1904ஆம் ஆண்டு ஜான் பிளமிங் உருவாக்கிய இருமுனைய வால்வு இவ்வளவே செய்தது.

1906ஆம் ஆண்டு லீ டி பாரஸ்ட், இரு மின்வாய்களுக்கும் இடையே 'கிரிட்' எனப்படும் கம்பி வலையைச் சேர்த்தார். வாய்க்கால் மடையில் நிற்கும் பலகையைச் சற்றே ஏற்றி இறக்கினால் பெருநீரின் ஓட்டம் மாறுவதுபோல, கிரிட்டில் நிகழும் சிறிய மின்னழுத்த மாற்றம் நேர்மின்வாய்க்குச் செல்லும் மின்னோட்டத்தைப் பேரளவில் மாற்றுகிறது. இதுவே பெருக்கம். ஏரியல் கம்பியில் வந்து சேரும் நுண்ணிய அலையைக் காதால் கேட்கும் அளவுக்கு உயர்த்த இது வழிவகுத்தது.

எட்வின் ஆர்ம்ஸ்ட்ராங் இதனை மேலும் ஒரு படி முன்னெடுத்துச் சென்றார். கொலம்பியா பல்கலைக்கழகத்தில் மாணவராக இருந்த அவர், 1912ஆம் ஆண்டு தம் வீட்டு மேல்மாடி அறையில் செய்த ஆய்வில், வால்விலிருந்து வெளிவரும் அலையின் ஒரு பகுதியை மீண்டும் அதன் உள்வாயிலுக்கே திருப்பியனுப்பினார். திருப்பிய அலை, வரும் அலையோடு இசைந்து சேர்ந்ததால் பெருக்கம் பன்மடங்கு உயர்ந்தது. இதனை நேர்பின்னூட்டம் என்பர். பின்னூட்டம் ஓர் எல்லையைக் கடந்தபோது வால்வு தானாகவே அலைகளை உண்டாக்கத் தொடங்கியது. ஒரே வால்வு ஏற்பியாகவும் அலையியற்றியாகவும் செயற்படலாம் என்பது இதனால் தெளிவாயிற்று. உறுப்புகளைக் குறைத்துச் செய்யும் வீட்டு வானொலிகள் அனைத்திற்கும் இக்கண்டுபிடிப்பே அடித்தளம்.

போர்க்காலத்தின் எளிய வானொலி

குறைந்த உறுப்புகளைக் கொண்ட வால்வு வானொலிக்குச் சிறந்த எடுத்துக்காட்டு 'பாராசெட்' என்னும் கருவி. இரண்டாம் உலகப்போரின்போது, 1941ஆம் ஆண்டளவில், இங்கிலாந்தின் வாடன் மாளிகையில் இயங்கிய மறைமுகத் தகவல்தொடர்புப் பிரிவு இதனை வடிவமைத்தது. செர்மானியப் படைகள் கைப்பற்றியிருந்த ஐரோப்பிய நாடுகளில் இயங்கிய விடுதலைப் போராளிகளுக்கும் உளவாளிகளுக்கும் இக்கருவி அனுப்பப்பட்டது. வான்குடை வழியாக இறக்கப்பட்டதை இதன் பெயர் உணர்த்துகிறது.

இதில் இருந்தவை மூன்றே வால்வுகள். 6எஸ்கே7 என்னும் வகையைச் சேர்ந்த இரண்டு, ஏற்பிக்கு உரியவை. 6வி6 என்னும் வகையைச் சேர்ந்த ஒன்று, பரப்பிக்கு உரியது. பரப்பும் ஆற்றல் ஏறத்தாழ 5 வாட். இரவு விளக்கொன்றுக்குத் தேவைப்படும் ஆற்றல்தான் இது. ஆயினும், கடல் கடந்து இங்கிலாந்தில் கூர்ந்து கேட்டிருந்தவர்களுக்கு அது போதுமானதாக இருந்தது.

அக்கருவியை இயக்கியவர்களுக்குக் காலம் உயிருக்கு நிகரானது. அலை எத்திசையிலிருந்து வருகிறது என்பதைக் கண்டறியும் கருவிகளைப் பகைவர் வைத்திருந்தனர். நீண்டநேரம் செய்தி அனுப்பியவர் பிடிபட்டார். ஆகவே, செய்தி சுருக்கமாக இருக்க வேண்டும். கருவியை நொடிப்பொழுதில் சரியாக இசைவிக்கத் தெரிந்திருக்க வேண்டும். பழுது நேர்ந்தால் தாமே சரிசெய்யவும் வேண்டும். கருவி எளிமையாக அமைந்தமைக்கும் அதனைப் பயன்படுத்துவோர் அதன் இயல்பை நன்கறிந்திருந்தமைக்கும் இதுவே காரணம். போர் முடிந்து பல்லாண்டுகள் கடந்த பின்னும், பல நாடுகளின் அமெச்சூர் வானொலியாளர்கள் அதே சுற்றமைப்பைத் தம் வீடுகளில் உருவாக்கி, அதன்வழி உரையாடி வருகின்றனர்.

தெரிந்து தெளிவோம்

சென்னை மாகாண வானொலிக் கழகம் 1924 மே 16 அன்று தொடங்கப்பட்டது. சி. வி. கிருஷ்ணசாமி செட்டியின் முயற்சியால் உருவான இக்கழகம், அதே ஆண்டு ஜூலை 31 அன்று 40 வாட் ஆற்றல் கொண்ட பரப்பியின் வாயிலாக ஒலிபரப்பைத் தொடங்கியது. வானொலி ஆர்வலர்களின் இம்முயற்சி, தென்னிந்திய ஒலிபரப்பு வரலாற்றின் முன்னோடியாகும்.

மின்வழங்கி

வீட்டில் உருவாக்கப்படும் மூன்று வால்வு வானொலியை மின்வழங்கி, ஏற்பி, பரப்பி, ஏரியல் என நான்கு பகுதிகளாகப் பிரித்துக் காணலாம்.

வால்வுகளுக்கு இருவகை மின்னழுத்தம் தேவை. மின்னிழையைச் சூடேற்ற 6.3 வோல்ட்டும், நேர்மின்வாய்க்கு ஏறத்தாழ 300 வோல்ட்டும் வேண்டும். வீட்டு மின்சாரத்தை மின்மாற்றி இவ்விரண்டாகவும் மாற்றித் தருகிறது. அலைதிருத்தி, மாறுதிசை மின்னோட்டத்தை ஒருதிசையாக்குகிறது. அதில் எஞ்சியுள்ள ஏற்றத்தாழ்வை மின்தேக்கிகளும் இரும்பு உள்ளகம் கொண்ட கம்பிச்சுருளும் சமன்செய்கின்றன. இச்சமன் போதாவிட்டால், ஹெட்போனில் 100 ஹெர்ட்ஸ் அதிர்வெண் கொண்ட உறுமல் ஓயாது கேட்கும். 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தின் இரு அரைச்சுற்றுகளும் திருத்தப்படுவதால் அது இருமடங்காகிறது. உறுமலின் சுருதியே குறை எங்குள்ளது என்பதைச் சொல்லிவிடும்.

ஏற்பி

ஏற்பியின் முதல் வால்வு, ஆர்ம்ஸ்ட்ராங்கின் பின்னூட்ட முறையில் இயங்குகிறது. கம்பிச்சுருளும் மாறும் மின்தேக்கியும் சேர்ந்து, விரும்பிய அதிர்வெண்ணைத் தேர்ந்தெடுக்கின்றன. வானொலி பழுதுபார்ப்போர் 'கேங்' என்றழைக்கும் பழைய மின்தேக்கியே இதற்குப் பயன்படும். 25 மில்லிமீட்டர் விட்டமுள்ள பி.வி.சி. குழாயின்மீது 15 மில்லிமீட்டர் நீளத்தில் 15 சுற்றுகள் சுற்றினால், கம்பிச்சுருளின் தன் மின்தூண்டல் எண் ஏறத்தாழ 5 மைக்ரோ ஹென்றியாக அமையும். அதனுடன் 100 பிக்கோ பாரட் அளவுள்ள மின்தேக்கியை இணைத்தால், சுற்று 7 மெகா ஹெர்ட்ஸ் அருகே ஒத்ததிர்வு அடையும். அமெச்சூர் வானொலியாளர்கள் பெரிதும் பயன்படுத்தும் 40 மீட்டர் அலைவரிசை அதுவே.

முதன்மைச் சுருளின் அருகே நான்கைந்து சுற்றுகள் கொண்ட சிறு சுருள் ஒன்றும் சுற்றப்படுகிறது. பின்னூட்டத்தை அளிப்பது இதுவே. இதன் இரு முனைகளும் இடம் மாறி இணைக்கப்பட்டால், திரும்பிவரும் அலை வரும் அலைக்கு எதிராகச் செயற்பட்டு அதனை வலுவிழக்கச் செய்யும். கருவி புதிதாகச் செய்வோர் பலருக்கு ஏற்பி ஊமையாக இருப்பதற்கு இதுவே காரணம். முனைகளை மாற்றி இணைத்த அளவில் அது உயிர்பெறும்.

பின்னூட்டக் குமிழை மெல்லத் திருப்பிச் செல்கையில், ஓரிடத்தில் ஹெட்போனில் மெல்லிய 'டப்' என்னும் ஒலியும், அதைத் தொடர்ந்து சீரான இரைச்சலும் எழும். வால்வு தானே அலையியற்றத் தொடங்கிவிட்டதன் அடையாளம் அது. அந்த எல்லைக்குச் சற்று முன்பு பேச்சொலி தெளிவாகக் கேட்கும். சற்றுக் கடந்தபின் மோர்ஸ் குறிகள் தெளிவாகக் கேட்கும். இதற்குக் காரணம் உண்டு. மோர்ஸ் குறியாக வருவது வெறும் அலை. அதில் ஒலி ஏதுமில்லை. வரும் அலை 7030 கிலோ ஹெர்ட்ஸாகவும், வால்வு தானே உண்டாக்கும் அலை 7030.7 கிலோ ஹெர்ட்ஸாகவும் இருப்பின், இரண்டும் கலந்து 0.7 கிலோ ஹெர்ட்ஸ், அதாவது 700 ஹெர்ட்ஸ், விம்மல் பிறக்கிறது. அதுவே செவிக்கு இனிய சீழ்க்கை ஒலியாகக் கேட்கிறது. இரண்டாம் வால்வு அவ்வொலியைப் பெருக்கி ஹெட்போனுக்கு அனுப்புகிறது.

இத்தகைய ஏற்பியைக் கையாள்வது ஒரு பயிற்சி. குமிழை மயிரிழையளவு திருப்பினாலும் நிலையம் நழுவிப்போகும். கையை அருகே கொண்டுசென்றாலே சுருதி மாறும். மனித உடலும் ஒரு மின்தேக்கியாகச் செயற்படுவதே அதற்குக் காரணம். முன்பலகையை உலோகத்தால் அமைத்து நிலத்துடன் இணைத்தால் இக்குறை நீங்கும்.

பரப்பி

மூன்றாம் வால்வாகிய 6வி6, பரப்பியாகச் செயற்படுகிறது. பழைய வால்வு ரேடியோக்களில் ஒலிபெருக்கியை இயக்கிய வால்வும் இவ்வகையே. இதன் அதிர்வெண்ணைக் குவார்ட்ஸ் படிகம் ஒன்று உறுதிசெய்கிறது. குவார்ட்ஸ் படிகத்தின்மீது மின்னழுத்தம் செலுத்தப்பட்டால் அது அதிரும். அதிரும்போது மின்னழுத்தத்தைத் தோற்றுவிக்கும். அதன் தடிமனே அதிர்வெண்ணைத் தீர்மானிக்கிறது. 7 மெகா ஹெர்ட்ஸுக்கு உரிய படிகத் தகட்டின் தடிமன் ஏறத்தாழ கால் மில்லிமீட்டர்தான். அளவுக்கு மிஞ்சிய மின்னோட்டம் பாய்ந்தால் அது விரிசல் கண்டுவிடும்.

எதிர்மின்வாய்ச் சுற்றில் மோர்ஸ் சாவி இணைக்கப்படுகிறது. சாவியை அழுத்தும்போது மின்னோட்டம் பாய்ந்து அலை பிறக்கிறது, விடும்போது அடங்குகிறது. 300 வோல்ட்டில் 30 மில்லி ஆம்பியர் மின்னோட்டம் பாய்ந்தால், வால்வு பெறும் ஆற்றல் 9 வாட். அதில் ஏறத்தாழ 5 வாட் அலையாக வெளிப்பட, எஞ்சியது வெப்பமாகிறது. மின்வழங்கி உறுதியாக இல்லாவிட்டால், சாவியை அழுத்தும் கணத்தில் அதிர்வெண் சற்றே நழுவி, குறியொலி குருவியின் கீச்சொலிபோல ஒலிக்கும். படிகத்தின் மீதான சுமையைக் குறைத்தும் மின்னழுத்தத்தை நிலைப்படுத்தியும் இதனைத் திருத்த வேண்டும்.

உண்டாகும் அலையுடன் 14, 21 மெகா ஹெர்ட்ஸ் போன்ற மடங்கு அதிர்வெண்களும் கலந்தே பிறக்கும். அவை பிறர் அலைவரிசைகளில் இடையூறு விளைவிக்கும். எனவே, பரப்பிக்கும் ஏரியலுக்கும் இடையே வடிகட்டிச் சுற்று ஒன்றை அமைப்பது கட்டாயம். முதற்சோதனையை ஏரியலின்றி, மின்தடையாலான பொய்ச்சுமையில் செய்வதே முறை. சிறிய மின்விளக்கொன்றைச் சுற்றில் இணைத்தால், இசைவிப்பு சரியாக அமையும்போது அது ஒளிர்ந்து காட்டும். பாராசெட் கருவியிலும் விலையுயர்ந்த அளவிகளுக்கு மாற்றாகச் சிறு விளக்குகளே வைக்கப்பட்டிருந்தன.

ஏரியல்

7.03 மெகா ஹெர்ட்ஸ் அலையின் நீளம் ஏறத்தாழ 42.7 மீட்டர். அதில் பாதி 21.3 மீட்டர். கம்பியின் முனை விளைவால் ஐந்து விழுக்காடு கழித்தால் 20.3 மீட்டர் வரும். அந்நீளமுள்ள செம்புக் கம்பியை நடுவில் துண்டித்து, இரு பாதிகளையும் காப்புப்பொருளால் இணைத்து, நடுவிலிருந்து கம்பிவடத்தால் கருவிக்குக் கொண்டுவர வேண்டும். மின்கம்பிகள் செல்லும் இடத்திற்கு அருகே ஏரியல் கட்டுவது உயிருக்கே இறுதியாகும். இடி மின்னலின்போது இணைப்பை முன்னதாகவே துண்டித்துவிட வேண்டும்.

சிறிய ஆற்றலின் வலிமை

5 வாட் ஆற்றல் நெடுந்தொலைவை எவ்வாறு எட்டுகிறது? தரையிலிருந்து பல பத்துக் கிலோமீட்டர் உயரத்திற்கு மேல், கதிரவனின் கதிர்களால் அயனியாக்கப்பட்ட காற்று அடுக்குகள் உள்ளன. எட்வர்டு ஆப்பிள்டன் 1924ஆம் ஆண்டின் இறுதியில் ஆய்வால் இவற்றை உறுதிப்படுத்தினார். 1947இல் நோபல் பரிசு பெற்றார். சிற்றலைகள் அவ்வயனி மண்டலத்தில் வளைந்து, தொலைவில் மீண்டும் தரையை அடைகின்றன. பெல்லும் கோய்டரும் பயன்படுத்திய வழி இதுவே. வழியை அமைத்துத் தருவது இயற்கையாதலால், எந்த நேரத்தில் எந்த அலை எங்குச் செல்லும் என்னும் அறிவு, ஆற்றலைவிடப் பெரிதும் பயன்படுகிறது.

இதனைக் கணக்கிட்டும் அறியலாம். வந்துசேரும் குறியின் வலிமையை வானொலியாளர்கள் 'எஸ்' என்னும் அலகால் அளக்கின்றனர். ஓர் அலகு குறைய ஆற்றல் நான்கில் ஒரு பங்காக வேண்டும். 100 வாட்டிலிருந்து ஓர் அலகு குறைந்தால் 25 வாட். மேலும் ஓர் அலகு குறைந்தால் 6.25 வாட். ஆகவே, 100 வாட் பரப்பிக்கும் 5 வாட் பரப்பிக்கும் கேட்பவர் உணரும் வேறுபாடு இரண்டு அலகுகளைச் சற்றே கடக்கும், அவ்வளவே. மேலும், பேச்சொலி அலை ஏறத்தாழ 2500 ஹெர்ட்ஸ் அகலத்தில் பரவிச் செல்ல, மோர்ஸ் குறியோ ஒருசில நூறு ஹெர்ட்ஸுக்குள் அடங்குகிறது. ஆற்றல் முழுவதும் குறுகிய இடத்தில் குவிவதால், இரைச்சலுக்கிடையிலும் குறி தெளிவாகக் கேட்கிறது. 5 வாட்டும் அதற்குக் குறைவுமான ஆற்றலில் தொடர்புகொள்வதை 'கியூஆர்பி' எனக் குறிப்பிட்டு, அதனைத் தனிக் கலையாகவே உலகெங்கும் பலர் பயில்கின்றனர்.

ஆற்றல் குறைந்தவர் முதலில் கேட்கக் கற்றுக்கொள்கிறார். அலைவரிசை எப்போது ஓய்ந்துள்ளது, யார் அழைக்கிறார், தம் குரல் அவரை எட்டுமா என்று கணித்தபின்னரே சாவியைத் தொடுகிறார். கூச்சலால் பெற இயலாததைக் காலமறிந்து செய்தலால் பெறுகிறார்.

பாதுகாப்பும் பொறுப்பும்

வால்வு வானொலியில் உள்ள 300 வோல்ட் மின்னழுத்தம் உயிரைப் பறிக்கவல்லது. மின்சாரத்தை நிறுத்திய பின்னும் மின்தேக்கி தன் மின்னூட்டத்தைத் தேக்கிவைத்திருக்கும். 32 மைக்ரோ பாரட் மின்தேக்கிக்குக் குறுக்கே ஓர் இலட்சம் ஓம் மின்தடையை நிலையாக இணைத்தால், ஏறத்தாழ 16 நொடிகளில் 300 வோல்ட் 2 வோல்ட்டாகக் குறையும். அவ்வாறு இணைத்த பின்னும் அளவியால் சோதித்த பிறகே கைவைக்க வேண்டும். மின்மாற்றியின்றி வீட்டு மின்சாரத்தை நேரடியாகச் சுற்றுடன் இணைத்தல் ஒருபோதும் கூடாது. ஹெட்போனுக்கும் உயர் மின்னழுத்தத்திற்கும் இடையே தனி மின்மாற்றி அமைய வேண்டும். மோர்ஸ் சாவியின் உலோகப் பகுதிகளும் கைபடாதவாறு மூடப்பட வேண்டும். மாணவர்கள் இப்பணியைத் தனித்துச் செய்யாமல், ஆசிரியர் அல்லது பட்டறிவு மிக்க வானொலியாளரின் நேரடி மேற்பார்வையில் மட்டுமே செய்தல் வேண்டும்.

வான் அலைகள் அனைவருக்கும் பொதுவானவை. ஆதலின், உரிமமின்றி அலை பரப்புவது சட்டப்படி குற்றமாகும். இந்தியாவில் 12 வயது நிறைந்தவர் எவரும் தகவல் தொடர்பு அமைச்சகத்தின் தேர்வை எழுதலாம். மின்னியலின் அடிப்படை, வானொலி விதிமுறைகள் ஆகியவை தேர்வுப் பாடங்கள். உயர்நிலை உரிமத்திற்கு மோர்ஸ் குறிகளையும் அறிந்திருக்க வேண்டும். தேர்ச்சி பெறுவோர்க்கு 'வியூ' என்று தொடங்கும் தனி அழைப்புக்குறி வழங்கப்படுகிறது. இந்தியாவின் தலைமை அமைச்சராக இருந்த இராஜீவ் காந்தியும் இத்தகைய அழைப்புக்குறி பெற்றிருந்தார்.

உரிமத்துடன் கடமையும் சேர்ந்தே வருகிறது. 2004 டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை தாக்கியபோது, பாரதி பிரசாத் தலைமையிலான அமெச்சூர் வானொலிக் குழுவினர் அந்தமானின் போர்ட் பிளேரில் இருந்தனர். தொலைபேசித் தொடர்புகள் அறுந்த நிலையில், தீவுகளில் இருந்தோரின் நலனைப் பெருநிலத்திற்குத் தெரிவிக்க அவர்களின் வானொலி உதவியது. கோபுரங்களையும் நிலத்தடி வடங்களையும் சாராமல், ஒரு கம்பியும் ஒரு மின்கலமும் இருந்தால் இயங்கும் கருவியின் தேவையை அந்நாள் உணர்த்தியது.

நிறைவாக

இன்று வால்வுகள் பெரும்பாலும் வழக்கிலிருந்து மறைந்துவிட்டன. விரல்நுனியளவு சில்லு, அவற்றினும் சிறப்பாகப் பணிபுரிகிறது. எனினும், அச்சில்லுக்குள் நிகழும் பெருக்கமும் பின்னூட்டமும் ஒத்ததிர்வும் வால்வுக் காலத்தில் வகுக்கப்பட்டவையே. அவற்றைக் கண்ணால் கண்டும் கையால் தொட்டும் அறிய இவ்வெளிய கருவி வாய்ப்பளிக்கிறது. கம்பிச்சுருளைத் தவறாக இணைத்து, காரணம் தேடி, திருத்தி, முதல் சீழ்க்கை ஒலியைக் கேட்கும் மாணவர், ஒத்ததிர்வு என்னும் சொல்லின் பொருளை மறப்பதில்லை. மில் ஹில் பள்ளி மாணவர் ஒருவர் உலகின் மறுபக்கத்தை எட்டியது பெரும் பொருட்செலவால் அன்று. தம் கருவியின் ஒவ்வோர் உறுப்பையும் அறிந்திருந்தமையாலும், பொறுமையோடு கேட்டிருந்தமையாலுமே ஆகும்.

கற்பவை கற்றபின்

1. பழைய வால்வு ரேடியோ ஒன்றைக் கண்டறிந்து, மின்னிணைப்பு இல்லாத நிலையில், ஆசிரியரின் துணையுடன் அதன் உறுப்புகளைப் படமாக வரைந்து பெயர் குறிக்க.

2. உம் பெயரை மோர்ஸ் குறிகளில் எழுதி, தட்டொலியால் வகுப்பில் வெளிப்படுத்துக.

3. 14 மெகா ஹெர்ட்ஸ் அலைக்குத் தேவையான அரையலை ஏரியலின் நீளத்தைக் கணக்கிடுக.

மதிப்பீடு

பலவுள் தெரிக

1. இருமுனைய வால்வுடன் கிரிட்டைச் சேர்த்தவர்
அ) ஜான் பிளமிங்  ஆ) லீ டி பாரஸ்ட்  இ) எட்வின் ஆர்ம்ஸ்ட்ராங்  ஈ) எட்வர்டு ஆப்பிள்டன்

2. பரப்பியின் அதிர்வெண்ணை உறுதிசெய்வது
அ) அலைதிருத்தி  ஆ) ஹெட்போன்  இ) குவார்ட்ஸ் படிகம்  ஈ) மின்மாற்றி

குறுவினா

1. 'அமெச்சூர்' என்னும் சொல்லின் பொருளை விளக்குக.

2. வெற்றிடக் குழல் 'வால்வு' எனப் பெயர் பெற்றது ஏன்?

சிறுவினா

1. மோர்ஸ் குறி, ஏற்பியில் ஒலியாகக் கேட்கும் முறையை எடுத்துக்காட்டுடன் விளக்குக.

2. 100 வாட் பரப்பிக்கும் 5 வாட் பரப்பிக்கும் கேட்பவர் உணரும் வேறுபாடு குறைவாக இருப்பதற்குக் காரணம் கூறுக.

நெடுவினா

1. பயனற்றவை எனக் கருதப்பட்ட சிற்றலைகளின் சிறப்பை அமெச்சூர் வானொலியாளர்கள் வெளிப்படுத்திய வரலாற்றைத் தொகுத்து எழுதுக.

2. 'கருவியைப் பயன்படுத்துவது வேறு. கருவியை அறிவது வேறு' – இக்கூற்றைப் பாடக் கருத்துகளின்வழி நிறுவுக.

மொழியை ஆள்வோம்

இலக்கணக் குறிப்புத் தருக: செம்புக் கம்பி, ஒளிரும் வால்வு, கேட்டிருந்த மாணவர்.

கலைச்சொற்களைச் சொந்தத் தொடரில் அமைத்து எழுதுக: ஒத்ததிர்வு, பின்னூட்டம், அலையியற்றி, அயனி மண்டலம்.